கழல வேண்டிய தொப்பி

என் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில், பீரோவில், ஒரு பட்டச் சான்றிதழ் இருக்கிறது. விமானப் பொறியியல், முதல் வகுப்பு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற குடும்பத்துக்கு மருமகளாக வந்த பிறகு அந்தப் படிப்பு எனக்கு ஒரே ஒரு வகையில்தான் பயன்பட்டது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் வானத்தில் ஏதாவது இரைச்சல் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்த்து, அது எந்த ஊருக்குப் போகிற விமானம் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் என்று சொல்லிவிடுவேன். எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும்.

பட்டறையில் பில் போடுவது நான். தார்ப்பாய்க்கு அளவு கணக்குப் போடுவதும் நான். மற்றபடி, படிப்பு முடித்த நாளிலிருந்து நான் கைவைத்த எதுவும் தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பியதில்லை, தோசையைத் திருப்பிப் போடுகிற நேரம் தவிர. இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால் சில மத்தியானங்களில், பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு பீரோவைத் திறந்து அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பேன்.

வேலைக்குப் போகக்கூடாது என்று என் மாமனார் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எல்லோருக்கும் தெரிந்ததால் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பாதி விஷயங்கள் இப்படித்தான் தீர்மானமாகும்.

போன தை மாதம் திருச்செங்கோடு போகிற வழியில் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் ராக்கெட் கிளப் ஆரம்பிப்பதாகவும், அதை நடத்த ஒரு பயிற்றுநர் தேவை என்றும் விளம்பரம் வந்தது. என் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு விண்ணப்பம் போட்டேன். துறைத் தலைவர் போனில் பேசினார். மனிதர் நேராகப் பேசுகிறவர். இவ்வளவு வருடம் சும்மா இருந்திருக்கிறீர்களே அம்மா, என்றார். சும்மா இருந்தேனா என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவரே தொடர்ந்து, சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது, எனக்கு அது வேண்டாம், ஒரு ராக்கெட் ஒரு கிளைடரைச் சுமந்துகொண்டு மேலே போய் அங்கே அதை விட்டுவிட்டு வரவேண்டும், அதை நேரில் காட்டினால் இந்த இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றார். எருமப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும், நான் ராக்கெட் விடப்போகிற எங்கள் மக்காச்சோளக் காடு அந்த வழியில்தானே இருக்கிறது, முகூர்த்தத்துக்கு முன்னால் வந்து பார்த்துவிடுகிறேன் என்றும் சொன்னார். எனக்கு மூன்று வாரம் இருந்தது.

ராக்கெட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். அதில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மீதி இடத்தில் கம்ப்ரசரால் காற்றை அழுத்தி அடைத்து, தலைகீழாக நிறுத்தி, வாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே பாயும். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத குட்டி விமானம். அதை பாட்டிலின் முதுகில் ஏற்றி அனுப்ப வேண்டும். பாட்டிலின் தலையில் கூம்பாக ஒரு தொப்பி. கிளைடரின் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு அந்தத் தொப்பியின் விளிம்புக்கு அடியில் செருகப்பட்டிருக்கும். மேலே போகும்போது எதிர்க்காற்றே தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உச்சிக்குப் போய் வேகம் தீர்ந்து பாட்டில் தலை சாய்ந்ததும் தொப்பி தானாகக் கழன்று விழும். நாக்கு விடுபடும், கிளைடர் பிரிந்து மிதக்கும். இதற்கு ஆணி வேண்டாம், பசை வேண்டாம், கயிறு வேண்டாம். தொப்பி தளர்வாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தளர்வான ஒரு பொருளை லாரிப் பட்டறைக்குள் வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

முதலில் லேசான மரம் தேடி சேலம் செவ்வாய்ப்பேட்டை வரை போனேன். பால்சா மரம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டு வேங்கையைக் காட்டினார். எனக்கு லேசாக வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவரிடம் இதுவரை யாரும் லேசானது கேட்டதில்லை. கடைசியில் கோழிப்பண்ணைக்குத் தடுப்பூசி வருகிற தெர்மாகோல் பெட்டியின் மூடியைச் சீவி இறக்கை செய்தேன். மூக்குக்குக் கனம் சேர்க்க, கார் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுகிற ஈயத் துண்டு ஒன்று. நாலு நாள் பட்டறைக் கொட்டகைக்குள் கையால் எறிந்து எறிந்து பார்த்து அது ஒழுங்காக மிதக்கும்படி செய்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் அது மிதக்காமல் கல் மாதிரி விழுந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு இறக்கையிலும் எனாமல் பெயிண்ட். வாலில் மஞ்சள் கட்டத்துக்குள் சிவப்பில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருந்தது. பட்டறைப் பெயிண்டர் அன்பாகச் செய்த வேலை. வெள்ளையாகக் கிடக்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லையாம். வேறு கிளைடர் செய்தேன். அதற்கு மறுநாள் தொப்பி கழன்று வரவில்லை. இழுத்தேன், வரவில்லை. வெல்டர் அதைச் சுற்றி எம்-சீல் வைத்துப் பூசி, விரலால் நீவி அழகாக முடித்திருந்தார். ஆடிக்கொண்டிருந்தது, இறுக்கிவிட்டேன் என்றார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பட்டறையில் கிரைண்டர் நின்றது. அதன் பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, படம் போட்டு, தொப்பி ஏன் ஆடவேண்டும் என்று விளக்கினேன். பெயிண்டருக்கு, வெல்டருக்கு, டீ கொண்டுவருகிறவருக்குக்கூட. ஒரே ஒருவருக்கு மட்டும் விளக்கவில்லை.

என் மாமனார் முப்பது வருடம் சொந்த லாரி ஓட்டியவர். சேலத்து ஜவ்வரிசியைக் கல்கத்தாவுக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஜவ்வரிசி மூட்டையில் தண்ணீர் இறங்கினால் லோடு போச்சு. ஆகவே தார்ப்பாய் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இன்றைக்கும் தெருவில் ஒரு லாரி கயிறு தொங்கப் போனால் பைக்கில் துரத்திப் போய் நிறுத்திக் கட்டிவிட்டு வருவார். எங்கள் வீட்டில் காய்கிற துணிகூடக் கொடியிலிருந்து பறந்ததில்லை.

அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மாமனார் எதிரில் மருமகள் நின்று பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, அவ்வளவுதான். அவசியமானதை நாய் வழியாகச் சொல்வார். வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து, மழை வரும்போல இருக்குதுடா, துணியெல்லாம் எடுத்தாத் தேவல, என்பார். நானும் நாயைப் பார்த்து, எடுத்தாச்சுடா, என்பேன். நாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். இப்படியே இத்தனை வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் காற்றின் அழுத்தத்தையும் தொப்பியின் தளர்வையும் நாய்க்குச் சொல்ல முடியாது. அதனால் என் கணவரை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் விளக்கி, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். வேலை விஷயத்தையும் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொன்னேன். சொல்லியாச்சு என்றார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

துறைத் தலைவர் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை காலையில் மக்காச்சோளம் அறுத்து முடித்த எங்கள் காட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டறை ஆட்கள் எல்லோரும் குளித்து விபூதி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கம்ப்ரசர் மினி லாரியில் வந்தது. அத்தை, என் மாமியார், ஒரு தூக்குப் போசியில் தக்காளி சாதம் கொண்டுவந்திருந்தார். மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில் முன்னால் நின்றார். புது வண்டி எடுக்கும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது போல, ராக்கெட்டின் மூன்று வால் சிறகுகளுக்கும் அடியில் மூன்று பழம் வைத்துச் சூடம் காட்டினார். காட்டட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பழங்கள் ராக்கெட்டைத் தொடவில்லை, அது போதும் எனக்கு.

துறைத் தலைவர் கார் வந்தது. பட்டு வேட்டி கட்டியிருந்தார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்று இறங்கும்போதே சொன்னார். நான் அவரைத் தனியாக அழைத்துப் போய் என் நோட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல கேள்விகளாகக் கேட்டார், எனக்குப் பதில் வந்தது, இத்தனை வருடம் கழித்தும் வந்தது. சந்தோஷத்தில் நான் ராக்கெட் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் காற்று அடித்திருக்கிறது. தொப்பி லொடலொடவென்று ஆடியிருக்கிறது. பக்கத்தில் நின்ற மாமனார் அதைப் பார்த்திருக்கிறார்.

என் கணவர் பாட்டிலின் வாயைத் திறக்கிற விசையை இழுத்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ராக்கெட் கிளம்பியது. நேராக, கொஞ்சமும் சாயாமல், பனைமரங்களைத் தாண்டி, இன்னும் மேலே போனது. கணக்குப் போட்ட உயரத்தைவிடக் கூடுதல். உச்சியில் நின்றது. தலை சாய்ந்தது. இப்போது தொப்பி விழும் என்று பார்த்தேன். விழவில்லை. கிளைடரும் ராக்கெட்டும் கட்டிப்பிடித்தபடி தலைகீழாகத் திரும்பி, வந்த வழியே வந்து, கடலை விதைக்கக் கிண்டிப் போட்டிருந்த மண்ணில் தொப்பி வரை புதைந்தன.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். அதைப் பிடுங்கி எடுத்து, மண்ணைத் தட்டி, துறைத் தலைவர் பக்கம் உயர்த்திக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"பாத்தீங்களா சார், அத்தன ஒசரத்துல இருந்து உழுந்தும் ஒண்ணுகூட அவுரலீங்க."

பார்த்தேன். தொப்பிக்கும் கிளைடருக்கும் பாட்டிலுக்கும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய நைலான் கயிறு. மேலே இரட்டைச் சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, நுனிகள் வெளியே தெரியாமல் உள்ளே செருகப்பட்டிருந்தன. கல்கத்தாவுக்குக் கட்டுகிற கட்டு. துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், பெண் பார்க்க வந்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பலகாரத்தைப் பாராட்டும்போது சிரிக்கிற சிரிப்பு அது.

கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. யார் வழியாகவாவது சொல்லலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். என் கணவர் விசைக் கயிற்றோடு காட்டின் அந்தக் கோடியில் நின்றார். அத்தை தூக்குப் போசியோடு மர நிழலில் இருந்தார். நாய் வீட்டில் கிடந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"அது மேல போயி அவுந்தாத்தானுங்க மாமா எனக்கு அந்தக் காலேஜ்ல வேல கெடைக்கும். அதுக்குத்தானுங்க மூணு வாரமா இத்தன பாடு. நீங்க கட்டிப் போட்டுட்டீங்க."

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் என்னை நேராகப் பார்த்தார். அவர் கண் இவ்வளவு பழுப்பு நிறம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"வேலையா?" என்றார். "மேல போயிட்டுக் கீழ வாரதுன்னுதானே பையன் சொன்னான்."

என் முக்கால் மணி நேர விளக்கம் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த விதம் அது. என் கணவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டு, மாமனாரிடம் நானே சொன்னேன். தொப்பியைக் காட்டி, நாக்கைக் காட்டி, காற்று எப்படிப் பிடிக்கும், எங்கே விடும் என்று சொன்னேன். என்ன வேலை, எங்கே, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதையும் சொன்னேன். இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் இடையில் ஒரு கேள்விதான் கேட்டார். காத்து புடிக்கறத நம்பலாமா, என்றார். நம்பலாமுங்க மாமா, என்றேன். அப்படிக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. பெயிண்டரும் வெல்டரும் தலையை மட்டும் ஆட்டியிருந்தார்கள்.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார் பக்கம் போனார். துறைத் தலைவர் கதவில் கை வைத்திருந்தார்.

"தப்பு என்னோடதுங்க சார். ஆடுதேன்னு கட்டிப்புட்டேன். அம்மிணி மேல குத்தமில்லீங்க. ஒரு அரை மணி நேரம் இருந்து பாத்துட்டுப் போங்க."

முகூர்த்தம் இருக்கிறதே என்று அவர் இழுத்தார். தாலி கட்டுறத நீங்க பாக்கலீன்னாலும் கட்டிருவாங்க, பந்திக்குப் போனாப் போதுமுங்க, என்றார் மாமனார். துறைத் தலைவர் என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டு, ஏறாமலே கார்க் கதவைச் சாத்தினார்.

பாட்டில் நன்றாக இருந்தது. கிளைடரில் ஒரு கீறல்கூட இல்லை, அந்தக் கட்டு காப்பாற்றிய கிளைடர் அது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தொப்பி மட்டும் அப்பளமாகியிருந்தது. புதுத் தொப்பிக்கு நல்ல கெட்டி அட்டை வேண்டும். காட்டில் அட்டைக்கு எங்கே போவது? துறைத் தலைவர் காருக்குள் கல்யாணப் பத்திரிகை கிடந்தது. தங்க நிற ஓரம், கெட்டியான அட்டை. கேட்டேன். அவர் மண்டபத்தின் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டார். அதைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினேன். பத்திரிகையில் அச்சடித்திருந்த பிள்ளையார் தொப்பியின் நெற்றிக்கு வந்தார், மணமகன் மணமகள் பெயர் பின்பக்கம் போய்விட்டது.

மாமனார் அதற்குள் தான் போட்ட முடிச்சோடு மல்லாடிக்கொண்டிருந்தார். விழுந்த வேகத்தில் அது இன்னும் இறுகியிருந்தது. என் கணவர் கத்தியோடு வந்தார். கயிற்றை அறுப்பது மாமனாரைப் பொறுத்தவரை வண்டியைக் கொளுத்துவதற்குச் சமம், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தார். பத்து நிமிடம் ஆயிற்று. தன் கட்டு இவ்வளவு பலமா என்று கொஞ்சம் சந்தோஷமும் பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மறுபடி நிறுத்தினோம். தண்ணீர் ஊற்றி, காற்று ஏற்றி, தொப்பியை வைத்தேன். வைத்ததும் அது ஆட ஆரம்பித்தது. காற்று வேறு கூடியிருந்தது. வெல்டர் தன்னை மறந்து ஓர் அடி முன்னால் வந்தார். தொட்டீன்னா கையை ஒடிச்சுருவேன், என்றார் மாமனார். சொல்லிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதைப் பிடித்துக்கொண்டார். தொப்பி ஒவ்வொரு முறை ஆடும்போதும் அவர் தோள் துடித்தது. பார்க்க முடியாமல் கடைசியில் முகத்தை வடக்கே திருப்பிக்கொண்டார்.

விசையை இந்த முறை நானே இழுத்தேன்.

போனது. முதல் தடவை போன அளவு உயரம் இல்லை, கொஞ்சம் சாய்வாகத்தான் போனது. உச்சியில் தயங்கியது. பிள்ளையார் ஒரு பக்கம் சாய்ந்தார், கழன்றார், தனியாகச் சுழன்றுகொண்டு விழுந்தார். கிளைடர் பிரியவில்லை. ராக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே விழத் தொடங்கியது. போச்சு என்று நினைத்தேன். இனி இந்த ஊரில் பில் போட்டே சாகவேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது அது வழுக்கி விலகியது. மூக்கைக் கீழே குத்தி, நிமிர்ந்து, இறக்கையில் காற்றை வாங்கிக்கொண்டு மிதந்தது. ஒரு வட்டம். பனைமரத்துக்கு மேலே இன்னொரு வட்டம். ஒரு ஆள் தக்காளி சாதத்தை வாயில் வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். அழுகிறேன் என்று எனக்கே தெரியாது, அத்தை வந்து முந்தானையால் துடைத்தபோதுதான் தெரிந்தது.

மாமனார் இதற்குள் திரும்பிப் பார்த்திருந்தார். பாட்டில் ஒரு பக்கம் போய் விழுவதையும் கிளைடர் மறு பக்கம் போவதையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி தனியா லோடு தனியாப் போகுது, என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். பாவம், அவர் ஆயுசெல்லாம் பயந்த காட்சி அது. அதைப் பார்த்துச் சிரிக்க அன்றைக்குக் கற்றுக்கொண்டார்.

கிளைடர் பக்கத்துக் காட்டு மரவள்ளிச் செடிமேல் போய் உட்கார்ந்தது. துறைத் தலைவர் பட்டு வேட்டியோடு வரப்பில் ஓடிப்போய் அவரே எடுத்துவந்தார். மூச்சிரைக்க வந்து அதை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இந்த ஊர் மரியாதை தெரிந்தவர் அல்லவா, என்னைத் தாண்டி மாமனாரிடம் போய் நின்றார். அரசாங்கக் கடிதம் படிப்பது போன்ற குரலில், உங்கள் மருமகளுக்குத் தகுதி இருக்கிறது, எங்களுக்கும் திருப்தி, வேலைக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவரும் தரையைப் பார்த்தார். பட்டறை மொத்தமும் தரையைப் பார்த்தது.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"அதைய எதுக்குங்க சார் என்றகிட்டக் கேக்கறீங்க. அம்மிணி இதா முன்னால நிக்குது. அதுகிட்டக் கேளுங்க. அது நல்லாப் பேசுமுங்க."

துறைத் தலைவர் என் பக்கம் திரும்பினார். திங்கக்கிழமை வாரேனுங்க சார், என்றேன்.